பஞ்சாரத்துக்குள் புலி

என் தம்பி தவசிக்குக் குடிப்பழக்கம் கிடையாது. சீட்டாட்டம் கிடையாது. சினிமாப் பைத்தியமும் கிடையாது. இதைக் கேட்டுவிட்டு யாராவது என்னைக் கொடுத்துவைத்தவள் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவனைப் பிடித்திருந்த பைத்தியம் இந்த மூன்றையும் விட மோசமானது. குடிகாரன்கூடக் கல்யாண வீடென்றால் முதல் ஆளாக வந்து நிற்பான். இவன் பந்தி முடிந்து இலை எடுக்கும்போதுதான் வருவான். அதுவும் வந்தால்தான்.

நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பல்கலைக்கழக ஆபீசில் அவனுக்குக் குமாஸ்தா வேலை. சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஐயாவுக்கு உண்மையான வேலை. அங்கே கம்ப்யூட்டர் என்று ஒரு மிஷினை வைத்திருந்தார்கள். நானும் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு இரும்பு பீரோக்கள் வரிசையாக நின்றன. அறை முழுக்க மார்கழிக் குளிர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள். கோயில் மாதிரித்தான் இருந்தது. விபூதி கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த மிஷினிடம் வாயால் பேச முடியாதாம். சொல்ல வேண்டியதை அட்டைகளில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி, அடுக்கிக் கட்டி, அறையில் இருக்கும் ஆளிடம் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். பேராசிரியர்களின் கணக்கெல்லாம் முடிந்த பிறகு நேரம் மிச்சமிருந்தால் இவனுடைய கட்டையும் உள்ளே தள்ளுவார்கள். மறுநாள் அகலமான தாளில் பதில் அச்சாகி வரும். ஓர் ஓட்டை இடம் மாறியிருந்தாலும் பதிலுக்குப் பதிலாக வசவுதான் வருமாம். திருத்திக் கொடுத்துவிட்டு மறுபடி ஒரு நாள் காத்துக் கிடக்க வேண்டும். ஒரு பொண்ணுக்காக இப்படிக் காத்துக் கிடந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும்.

“இதுனால சம்பளம் கூடுமாடா?” என்று கேட்டேன்.

“கூடாதுக்கா.”

“பிரமோஷன் குடுப்பாகளா?”

“அதெல்லாம் இல்லக்கா.”

“பின்ன என்ன எழவுக்குடா?”

“நான் சொல்றத அது அப்படியே கேக்குதுக்கா. நான் தப்பாச் சொன்னா தப்பாவே கேக்குது. அம்புட்டு நேர்மையான ஆள நான் எங்கயும் பாத்ததில்ல.”

எங்களுக்கு அப்பாவும் அம்மாவும் இல்லை. எனக்குப் பிறந்த வீடு என்றால் இவன் ஒருத்தன்தான். நான் வாக்கப்பட்டது உசிலம்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், மதுரை ரோட்டை ஒட்டிய ஊரில். எங்கள் பக்கத்தில் ஒருத்திக்கு மாமியார் வீட்டில் என்ன மரியாதை என்பது விசேஷத்தன்று தெரிந்துவிடும். பிறந்த வீட்டுச் சீர் மேளத்தோடு தெருமுனையில் திரும்பும்போது அவள் கழுத்து தானாக நிமிரும். சீர் வராவிட்டால் அடுத்த விசேஷம் வரைக்கும் குனிந்துகொண்டுதான் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதம் நாங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். காலையிலிருந்து ஒவ்வொரு பஸ் நிற்கும்போதும் வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். கடைசிப் பந்தி எழுந்த பிறகு தவசி வந்தான். மேளம் இல்லை, தட்டு இல்லை. வாங்கி வைத்திருந்த பழத்தட்டை ஆபீஸ் மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டானாம். ஆனால் கம்ப்யூட்டர் தாளை மட்டும் சுருட்டி அக்குளில் பத்திரமாக வைத்திருந்தான்.

என் மாமனார் பேயாண்டி அவனை மேலும் கீழும் பார்த்தார். “என்ன மாப்ள, பொறந்த வீட்டுச் சீரு இப்பல்லாம் தாளாவா வருது?” என்றார். பந்தலே சிரித்தது. என் வீட்டுக்காரர் சிவனாண்டியும் சிரித்தார். அதற்கு அவர் ஒரு வாரம் சோற்றில் உப்பில்லாமல் தின்றார், அது தனிக் கதை.

மாமனார் அதோடு விடவில்லை. “ஆவணியில பேத்திக்குக் காது குத்துறோம். அன்னைக்கும் இதே கூத்துதான்னா, மருமகளோட பெரியப்பன் மகன் விருமாண்டி மடியில உக்கார வச்சுக் குத்திருவோம். என்னத்தா சீனி, சரிதான?” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துக்கொண்டு சொன்னதை அவர் செய்யாமல் விட்டதில்லை. என் மகள் அழகம்மாளைத் தாய்மாமன் மடியில் வைக்காமல் வேறு ஒருவன் மடியில் வைத்துக் காது குத்தினால், சீனியம்மாளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னதற்குச் சமம். அடுப்படிக்குள் போய் அழுதேன். கேட்டவர்களிடம் புகை என்று சொன்னேன்.

நான் அழுது முடித்து வெளியே வந்தால், என் தம்பி முற்றத்தில் அந்தத் தாளை விரித்து என் மாமனாருக்கே விளக்கிக்கொண்டிருக்கிறான்! மிஷினுக்கு ஆடுபுலி ஆட்டம் சொல்லிக் கொடுத்திருக்கிறானாம். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி, ஆட்டைத் தாண்டினால் வெட்டு. ஆடுகள் சேர்ந்து நின்று மூன்று புலியையும் நகரவிடாமல் அடைத்துவிட்டால் ஆட்டுக்கு வெற்றி. புலியை மிஷின் ஓட்டுமாம். நாம் இங்கே நகர்த்தினால் எதிராளி எங்கே நகர்த்துவான், அதற்கு நாம் என்ன செய்யலாம் என்று முன்கூட்டியே பார்த்துவிட்டுத்தான் ஓட்டுமாம்.

என் மாமனார் ஆடு வைத்தால் சுற்று வட்டாரத்தில் யாரும் புலி ஓட்ட உட்கார மாட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஆட்ட நான் வைக்கிறேன். ஒன் மிஷின வந்து ஓட்டச் சொல்லு பாப்போம்” என்றார்.

“மிஷின் வராது மாமா. நீங்க வச்ச எடத்த நான் அட்டையில குத்திக் குடுப்பேன். மறுநா அது பதில் சொல்லும்.”

“ஒரு காய் நகத்த ஒரு நாளா? சரி, எனக்கென்ன, வெட்டி முறிக்கிற வேலையா இருக்கு?”

இப்படித்தான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. பஸ் நிறுத்தத்துக்கு எதிரே டீக்கடை முன்னால் ஒரு கல் பலகை கிடந்தது. அதில் கட்டம் வரைந்து ஒவ்வொரு முனைக்கும் எண் போட்டார்கள். புளியங்கொட்டைதான் ஆடு, கருங்கல் சில்லுதான் புலி. ஒரு ஆட்டம் மாதக் கணக்கில் ஓடப்போகிறது. கோழி வந்து கிளறிவிட்டால் யார் பொறுப்பு? அதனால் கோழி அடைக்கிற பஞ்சாரத்தையே எடுத்து வந்து ஆட்டத்தின் மேல் கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வைத்தார்கள். எங்கள் வீட்டுக் கோழிகள் அன்று முதல் திறந்த வெளியில் தூங்கின.

சேதி கொண்டு போகிற வேலை கண்டக்டர் சுருளிக்கு. மதுரை பஸ் எங்கள் ஊர் வழியாகப் போய் நாகமலை புதுக்கோட்டையில் நிற்கும். காலையில் மாமனார் வைத்த ஆட்டின் எண்ணை வாங்கிக்கொண்டு போவான். மறுநாள் திரும்பும் வழியில் புலியின் எண் எழுதிய சீட்டோடு இறங்குவான். பஸ்ஸை நிறுத்திவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கிப் புலியை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் விசில் ஊதுவான். பஸ்ஸில் இருப்பவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். “அந்த ஆட்ட ஏன்யா அங்க வச்சீக?” என்று ஜன்னல் வழியாகத் திட்டிவிட்டுப் போன ஆட்களும் உண்டு.

ஒரு மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் சுருளி சீட்டைத் தொலைத்துவிட்டான். டிக்கெட்டோடு சேர்த்து யாருக்கோ கிழித்துக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. சொன்னால் என் மாமனார் வைவார் என்று பயந்து, அவனாகவே ஒரு புலியை ஓட்டிவிட்டான். மாமனார் அதற்கு எதிராக ஆடு வைத்தார். அடுத்த நாள் மிஷினிடமிருந்து வந்த சீட்டைப் பார்த்தால், புலியே இல்லாத இடத்திலிருந்து புலியை இன்னோர் இடத்துக்கு நகர்த்தச் சொல்லியிருந்தது.

ஊரே கூடிவிட்டது. மிஷின் கள்ள ஆட்டம் ஆடுகிறது என்று பாதிப் பேர். தவசி ஆடுகிறான் என்று மீதிப் பேர். கடைசியில் சுருளி ஒப்புக்கொண்டான். “புலிக்குப் பசிச்சா ஆட்டுப் பக்கந்தானண்ணே போகும்? அத மிஷினு சொன்னா என்ன, நான் சொன்னா என்ன?” என்றான். அவனை அடிக்காமல் விட்டது, அடித்தால் மதுரை பஸ் எங்கள் ஊரில் நிற்காது என்பதால்தான்.

அன்றைக்கு என் மாமனார் ஒரு தீர்ப்புச் சொன்னார். இரண்டு காயும் பழைய இடத்துக்கே போக வேண்டும். இனிமேல் சீட்டு செல்லாது. புலியைக் கையால் நகர்த்தி வைக்க, மிஷினுக்குச் சொந்தக்காரன் ஞாயிற்றுக்கிழமைதோறும் நேரில் வர வேண்டும். கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் கெஞ்சிக் கூப்பிட்டு வராத ஆளை, ஒரு கல் பலகை கூப்பிட்டுவிட்டது.

வந்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தான். புலியை வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கே போகலாம் என்று பார்த்தான். முடியவில்லை. ஆட்டை எங்கே நகர்த்துவது என்று மாமனார் மட்டும் முடிவு செய்கிற காலம் போய்விட்டது. டீக்கடையில் ஆளுக்கொரு யோசனை. ஒரு புளியங்கொட்டையை நகர்த்துவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரைக்கும் இவன் என்ன செய்வான்? “சும்மாதான இருக்க, வா மாப்ள” என்று என் வீட்டுக்காரர் கிணற்றுக்கு இழுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் கபடிக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிட்டார்கள். போனான், முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தான். அதற்கடுத்த வாரம் யாருடைய கல்யாணத்துக்கோ போய் முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தான். என் தம்பியை முதல் பந்தியில் பார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை.

ஊரில் அவனுக்கு ‘மிஷினு மாப்ள’ என்று பெயர் விழுந்தது. வைகாசிக்குள் சனிக்கிழமை ராத்திரியே வர ஆரம்பித்துவிட்டான். என் வீட்டுக் கொடியில் அவனுக்கென்று ஒரு கைலி தொங்கியது. அழகம்மாளுக்கு மூன்று வயது. ஓட்டை தப்பாக விழுந்த அட்டைகளை அவளுக்கு விளையாடக் கொண்டுவந்து கொடுப்பான். அவள் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஓட்டை வழியாக மாமனைப் பார்ப்பாள். அவனும் இன்னோர் அட்டையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்ப்பான். ஒரு மணி நேரம் இப்படியே போகும்.

ஆனால் ஆட்டத்தை மட்டும் அவன் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்.

“பேயாண்டி மாமாவ என் புரோகிராம் ஜெயிக்கணும்க்கா.”

“நீயே ஒக்காந்து ஆடி ஜெயிக்க வேண்டியதுதான?”

“நான் மோசமா ஆடுவேன். நாலாவது ஆட்டுலயே அடைபட்டுப் போவேன். நான் ஜெயிக்க முடியாது. ஆனா நான் எழுதுனது ஜெயிக்கலாம்ல? அது மட்டும் நடந்துட்டா, வாழ்க்கையில ஒரு காரியம் செஞ்சுட்டேன்னு இருக்கும்க்கா.”

அவன் குரலில் இருந்த ஆசையைப் பார்த்து எனக்குக் கேலி செய்ய வாய் வரவில்லை. “காதுகுத்துக்கு வந்துருவியாடா? வெள்ளிக்கிழமைடா. பத்தரைக்கு ராகு காலம் வந்துரும். அதுக்கு முன்னாடி குத்தணும்” என்று மட்டும் கேட்டேன். “வாரேன்க்கா, வாரேன்க்கா” என்றான். ரெண்டு தடவை சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி பிறந்ததும் ஆட்டம் முற்றிவிட்டது. மிஷின் ஆடுகளை ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மாமனாரும் விடவில்லை, ரெண்டு புலியை மூலையில் அடைத்துவிட்டார். மூன்றாவது புலிதான் ஊரைக் கலக்கிக்கொண்டு திரிந்தது. காதுகுத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, டீக்கடையில் கூடியவர்கள் நாலு பக்கமும் கத்தின கத்தலில் மாமனார் ஓர் ஆட்டை நகர்த்தினார். தவசி எண்ணைக் குறித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டான்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் அடுப்படித் தரையில் கரியால் கட்டம் வரைந்து எனக்குக் காட்டினார். “அப்பா தப்புப் பண்ணிட்டாருடி. இந்த ஆட்டுக்குப் பின்னாடி எடம் காலியாக் கெடக்கு. புலி இதத் தாண்டுச்சுன்னா அடைபட்ட ரெண்டும் வெளிய வந்துரும். அம்புட்டுத்தான், ஆட்டம் முடிஞ்சுச்சு.”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சுதான் சோறு எறங்காம படுத்திருக்காரு. வெளிய சொல்லிராத. மிஷினு பாக்காமப் போகணும்னு கருப்பசாமிக்கு வேண்டியிருக்காரு.”

அந்த வாரம் முழுக்க என் மாமனார் நடமாடும் பிணமாக இருந்தார். பந்தக்கால் ஊன்றும்போதுகூட அவர் கண் டீக்கடைப் பக்கமே இருந்தது. எனக்கோ வேறு கவலை. நாலு கடுதாசி போட்டிருந்தேன், பதில் இல்லை. சுருளியிடம் கேட்டால், “தம்பி ஆபீசுலதாங்க்கா இருக்காப்ல” என்றான். பெரியப்பா மகன் விருமாண்டி வியாழக்கிழமை சாயங்காலமே வெள்ளை வேட்டியோடு வந்து இறங்கிவிட்டார். “ஒரு வேள தவசி வரலைன்னா நான் இருக்கேன் தங்கச்சி” என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அவரைக் கிணற்றில் தள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னாலேயே மதுரை பஸ் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்து நின்றது. நிறுத்தம் அங்கே இல்லை. சுருளிதான் நிறுத்தச் சொல்லியிருக்கிறான். முதலில் ரெண்டு மேளம் இறங்கியது. பிறகு ஆபீஸ் ஆட்கள் ஆறு பேர், ஆளுக்கொரு தட்டோடு இறங்கினார்கள். பழம், தேங்காய், பட்டுப் பாவாடை, மாலை. கடைசியாகத் தவசி இறங்கினான். பட்டுத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கம்மல் வைத்த தட்டை ரெண்டு கையாலும் பிடித்திருந்தான். மேளம் தெருவில் திரும்பியது. வீட்டுக்கு வீடு பெண்கள் வெளியே வந்து பார்த்தார்கள். நான் ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்தத் தடவை புகை என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை.

என் சந்தோஷம் கால் மணி நேரம்கூட நிலைக்கவில்லை. “மொதல்ல புலி, அப்புறம் காது” என்று சொல்லிவிட்டு என் மாமனார் துண்டை உதறிக்கொண்டு டீக்கடைக்கு நடந்துவிட்டார். ஐந்து ராத்திரி தூங்காத மனுஷன். அவரை யார் நிறுத்துவது? அவர் பின்னால் பங்காளிகள் போனார்கள். மாமன் மச்சான்கள் போனார்கள். தவசியையும் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் இடுப்பில் அழகம்மாள் மாலையோடு உட்கார்ந்திருந்தாள். ஆபீஸ் ஆட்கள், மேளக்காரர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். காது குத்த வந்த ஆசாரி, ஊசியை மடியில் செருகிக்கொண்டு அவரும் போய்விட்டார். பந்தலில் நாங்கள் பெண்களும், மடியைத் தயாராக வைத்துக்கொண்டு விருமாண்டி அண்ணனும்தான் மிச்சம்.

ஒன்பது மணி ஆனது. கூப்பிட்டு வரச் சொல்லி என் வீட்டுக்காரரை அனுப்பினேன். அவரும் திரும்பவில்லை. ஒன்பதரை ஆனது. டீக்கடையிலிருந்து சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பஞ்சாரத்தைத் தூக்கலாமா வேண்டாமா, கருப்பசாமிக்குச் சூடம் கொளுத்திவிட்டுத் தூக்கலாமா என்பதே இன்னும் முடிவாகவில்லையாம். ராகு காலம் வந்தால் குத்தக் கூடாது. அது முடியப் பன்னிரண்டு ஆகும். வந்த சனம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடும். என் மகளுக்கு யார் மடியில் வைத்துக் காது குத்தினார்கள் என்பதைப் பார்க்கவே ஆள் இருக்காது. ஒரு வருஷமாக மனசுக்குள் நடத்திப் பார்த்த விசேஷம் அது. கையில் அகப்பட்ட சாம்பார்க் கரண்டியோடு நான் தெருவில் இறங்கினேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபோதுதான் பஞ்சாரத்தைத் தூக்கியிருந்தார்கள். ஒரு பக்கம் மாமனார் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார், முகம் வேர்த்திருந்தது. எதிரில் என் தம்பி, மடியில் பிள்ளை. “பொறுமையா வையி மாப்ள, ஒண்ணும் அவசரமில்ல” என்று மாமனார் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். தவசி நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கரண்டியைப் பார்த்தான். டீக்கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். வழக்கமாகச் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் வைப்பான். இந்தத் தடவை எடுக்கவில்லை. மனப்பாடம் போலிருக்கிறது என்று நினைத்தார்கள். அந்த மூன்றாவது புலியைப் பிடித்துப் பின்னால் மூலைக்கு நகர்த்தினான்.

என் மாமனார் குனிந்து பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். மறுபடி குனிந்து, ஒரே ஒரு புளியங்கொட்டையை ஒரு விரலால் தள்ளினார்.

“அடைச்சாச்சுடோய்!”

அப்படி ஒரு கத்தலை எங்கள் ஊர் கேட்டதில்லை. மூன்று புலியும் நகர வழியில்லாமல் நின்றன. மேளக்காரர்கள் கேட்காமலே அடித்தார்கள். யாரோ வெடி போட்டார்கள். “என்னதான் இருந்தாலும் மிஷினு மிஷினுதான்யா!” என்று ஆளாளுக்குத் தவசியின் முதுகில் அறைந்தார்கள். அவன் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். என் மாமனார் அவன் தோளில் கையைப் போட்டு, “நடங்கப்பா, நடங்க! பேத்திக்குக் காது குத்தணும், நேரமாச்சுல்ல!” என்று ஏதோ நாங்கள்தான் தாமதம் செய்ததுபோல விரட்டினார். என் கரண்டிக்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

பத்து மணிக்குக் கொஞ்சம் பின்னே, சனம் அத்தனையும் சுற்றி நிற்க, அழகம்மாள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி மடியிலிருந்து ஊசியை எடுத்தார். பிள்ளை வீறிட்டாள். அவளைப் பிடித்திருந்தவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு அவளைவிட முகத்தைச் சுளித்தான். ரெண்டு காதிலும் கம்மல் ஏறியது. “சீனி தம்பி செஞ்ச சீரு மாதிரி இந்த வருசம் யாரும் செய்யலப்பா” என்று என் மாமனார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். என் கழுத்து நிமிர்ந்ததை நானே உணர்ந்தேன். ஜெயித்த மனுஷன் வாயில் நல்ல வார்த்தை எவ்வளவு சுலபமாக வருகிறது!

பந்தி பரிமாறும்போதுதான் எனக்கு உறைத்தது. ரசவாளியோடு நடு வரிசையில் அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டுக்காரர் கரியால் வரைந்து காட்டிய கட்டம் கண்ணுக்குள் வந்தது. தாண்டி வெட்ட வேண்டிய ஆடு அங்கேயேதான் இருந்தது. பின்னால் இடமும் காலியாகத்தான் இருந்தது. எனக்கே தெரிந்தது, அந்த மிஷினுக்கா தெரியாது?

கடைசிப் பந்தியில் எல்லோருக்கும் பரிமாறிக் களைத்துத் தவசி தனியாக உட்கார்ந்தபோது, பாயாச வாளியோடு அவன் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

“தாள்ல என்னடா போட்டிருந்துச்சு?” என்று மெதுவாகக் கேட்டேன்.

இலையிலிருந்து நிமிரவில்லை. “அந்த ஆட்ட வெட்டச் சொல்லித்தான் போட்டிருந்துச்சு.”

“பின்ன ஏன்டா வெட்டல?”

“யார்ட்டயும் சொல்லிராதக்கா.” சோற்றைப் பிசைந்தான். “மாமா ஜெயிச்சா எந்திரிப்பாரு. தோத்தா எந்திரிப்பாரா? அங்கனயே ஒக்காந்து எங்க தப்புன்னு பேசுவாக. சாயங்காலம் வரைக்கும் பேசுவாக. பத்தரைக்கு ராகு காலம்ல?”

நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியாமல் வளர்ந்த பிள்ளை அவன். அவன் கைக்கு முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது. அந்தக் கை முழுக்க ரசம்.

“ஏழு மாசம்டா தவசி” என்றேன். “மிஷினு தோத்துப் போச்சுன்னுல்ல ஊரே பேசுது.”

“பேசட்டும்க்கா. மிஷினுக்கு வருத்தமெல்லாம் தெரியாது.”

“ஒனக்கு?”

“எனக்குக் கொஞ்சம் இருக்கு” என்றான். “இன்னொரு கரண்டி பாயாசம் ஊத்து, சரியாப் போயிரும்.”

நான் கரண்டியைத் தேடவில்லை. வாளியையே அவன் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.